கவிழ்த்த தட்டு

அன்று 'மரிய செலின்' தோணிக்கு உரிய ஆட்கள் இவ்வளவு பேர்: தண்டல் கஸ்பார் மோத்தா, சுக்கான் பிடிக்கிற இன்னாசி, மிசின் பார்க்கிற லாசர், பண்டாரி சலேத்து, கயிற்றுக்கும் பாய்க்கும் பிச்சையா, அவன் தம்பி வியாகுலம், ததேயு. தண்டல் என்றால் தோணியை நடத்துகிறவர். பண்டாரி என்றால் சோறு பொங்குகிறவர். ததேயு தண்டலின் மகள் பவுலினைக் கட்டியவன். மொத்தம் ஏழு. ஆறு பேர் தோணியில் இருந்தார்கள். ததேயு கரையில் இருந்தான், கரையில் எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது.

கஸ்பார் தோணியின் பின்பக்கம், சுக்கானுக்கு அருகில், தன் பலகையில் உட்கார்ந்து அந்தப் போட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சாம்பல் நிறப் போட், நம் கடற்படையின் போட். தூத்துக்குடித் துறைமுகத்தில் அதே மாதிரி போட் பக்கத்தில் போனால் பிச்சையாவும் வியாகுலமும் கை காட்டுவார்கள், அதிலிருந்து எவனாவது ஒருவன் திரும்பக் கை காட்டுவான். இங்கே யாரும் கை காட்டவில்லை. நேற்று விடியும்போது, வெங்காயம் இறக்க வந்த இந்த அயல்நாட்டுத் தீவில், அரசாங்கத்தைப் பிடிக்க வந்தவர்களின் துப்பாக்கிச் சத்தம் ஆரம்பித்தது. பகல் முழுக்கக் கேட்டது. ராத்திரி வானத்தில் பெரிய விமானங்கள் விளக்கில்லாமல் வந்து எதிர்த் தீவில் இறங்கின, அந்த இரைச்சல் தண்ணீரில் இறங்கித் தோணியின் அடிப்பலகை வழியாகக் காலுக்கு வந்தது. காலையில் சத்தமே இல்லை. சத்தம் இல்லாததுதான் இப்போது பெரிய சத்தமாக இருக்கிறது. கரையில் ஒரு கடையும் திறக்கவில்லை, தொழுகைக்கு அழைக்கிற ஒலிபெருக்கிகூடக் கேட்கவில்லை. அந்தப் போட்டின் மிசின் மட்டும் துடித்துக்கொண்டு, மேற்குக் கோடியிலிருந்து ஒவ்வொரு படகாக ஒட்டி நிற்கிறது. நாலு பேர் ஏறுகிறார்கள், ஆட்களை வரிசையாக நிறுத்துகிறார்கள், எண்ணுகிறார்கள், இறங்குகிறார்கள். அடுத்தது. வரிசையில் மரிய செலின் கடைசி. நடுவில் இன்னும் பதினொன்று இருக்கிறது. பதினொன்றும் முடிந்து இங்கே வந்து ஏறி எத்தனை பேர் என்று கேட்பார்கள். இதற்கு முன்னால் எத்தனை துறைமுகத்தில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள். ஒரு தடவைகூட அவர் யோசித்துப் பதில் சொன்னதில்லை. எண்ணிக்கையை யோசிக்கிறவன் தண்டலாக இருக்க லாயக்கில்லை. சரக்கறையிலிருந்து வெங்காயம் புழுங்குகிற வாடை வந்தது. இறக்க வேண்டிய நாள் நேற்று. இன்னும் இரண்டு நாள் மூடியே கிடந்தால் அடி மூட்டையெல்லாம் தண்ணீராகிவிடும். வெங்காயத்தை நினைக்கிறோமே என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் மனசு வெங்காயத்திடம்தான் ஓடியது. வெங்காயத்தை நினைப்பது சுலபம், அது இருக்கிற இடம் தெரியும்.

இன்னாசி வந்து பக்கத்தில் குந்தினான். குந்தும்போதே அவன் என்ன சொல்லப்போகிறான் என்று தெரிந்துவிட்டது, காலையிலேயே ஒரு தரம் பாதி சொல்லி நிறுத்தியிருந்தான். "அண்ணாச்சி, ஆறுன்னு சொல்லிருங்க." கஸ்பார் அவனைப் பார்க்கவில்லை. "நான் கெட்டவன் இல்ல. எனக்கும் அவன் பிள்ளை மாதிரிதான். ஆனா யோசிச்சுப் பாருங்க. ஏழுன்னு சொன்னா இன்னொருத்தன் எங்கன்னு கேப்பாவ. கரையிலன்னு சொன்னா, சுட்டவனுகளும் கரையிலதான இருந்தானுகன்னு சொல்லுவாவ. சுட்டவனுக பேசினதும் தமிழு. நம்ம பேசுறதும் தமிழு. வடக்கத்திப் பட்டாளத்துக்கு எந்தத் தமிழ் எந்த ஊருன்னு தெரியுமா? நீதான் அவனுகள ஏத்திட்டு வந்தியான்னு கேட்டா என்ன சொல்லுவிய? தோணியப் பிடிச்சுக் கட்டிப் போட்டா ஆறு வீட்டுல அடுப்பு எரியாது. ஆறுன்னு சொன்னா நம்ம ஆறு பேரும் இருக்கோம், எண்ணிக்கிட்டுப் போயிருவாவ. அவன் நல்லபடியா இருந்தா எப்படியும் வந்து சேந்துருவான்." இதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதுதான் சங்கடம். பேசத் தெரிந்தவர்கள் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். கஸ்பாருக்குப் பேச்சு வராது. சின்ன வயதிலிருந்தே வராது. ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் எழுப்பி நிறுத்தினால் விடை தெரிந்தும் நிற்பார், அடி வாங்கிக்கொண்டு உட்காருவார். பிறகு கடலுக்கு வந்துவிட்டார். கடலில் யாரும் எழுப்பி நிறுத்தவில்லை. தண்டலான பிறகு பேசாமல் இருப்பது கண்டிப்பு என்று ஆகிவிட்டது. தண்டல் தனியாகச் சாப்பிடுவார், தனியாகப் படுப்பார், கிட்டப் போகாதே என்று புது ஆட்களுக்குப் பழைய ஆட்கள் சொல்லிக்கொடுப்பது அவர் காதிலேயே விழுந்திருக்கிறது. அப்படியெல்லாம் இல்லை என்று ஒரு நாள் சொல்லலாம் என்று நினைத்து முப்பது வருஷம் போய்விட்டது. மேற்கே போட் ஒரு படகை விட்டு அடுத்ததற்கு நகர்ந்தது. பத்து.

தோணியின் நடுவில் லாசர் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தான். கரகரப்புக்கு உள்ளேயிருந்து செய்தி வாசிக்கிற குரல் வந்தது. அந்நாட்டு அதிபரின் வேண்டுகோளை ஏற்று நமது படைகள். அவ்வளவுதான் தெளிவாகக் கேட்டது, பிறகு இரைச்சல். "கேட்டியளா, வேண்டுகோள்" என்றான் லாசர். பத்தாவது வரை படித்தவன், பேப்பரை விளம்பரம்கூட விடாமல் வாசிக்கிறவன். "உலகத்துக்கெல்லாம் சேத்து ஒரு சட்டம் இருக்கு. அடுத்த நாட்டுக்குள்ள பட்டாளத்த அனுப்பக் கூடாது. அனுப்பினா படையெடுப்பு. ஆனா அந்த நாட்டு அரசாங்கமே வாங்கன்னு கூப்பிட்டா அது படையெடுப்பு இல்ல, உதவி." இன்னாசி அங்கிருந்தே கேட்டான்: "கூப்பிடுத அரசாங்கம் எதுன்னு யாருவே சொல்லுவா? நேத்து காலையில ரேடியோ ஸ்டேசன அவனுக பிடிச்சிருந்தா அவனுகதான அரசாங்கம்? அவனுக வேற எவனையாவது கூப்பிட்டிருந்தா அதுவும் வேண்டுகோள்தான?" "அது அப்படி இல்ல, மத்த நாடெல்லாம் ஒத்துக்கிடணும்." "ஆமா, மத்த நாடெல்லாம் உம்ம கிட்டதான் வந்து கேட்டுச்சு." வியாகுலம் சிரித்தான். சிரித்தவன் உடனே கரையைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். கஸ்பாருக்கு அந்த வேண்டுகோள் என்ற சொல் தூண்டில் மாதிரி எங்கேயோ மாட்டிக்கொண்டது. அவருடைய அப்பா செத்த வருஷம், வீட்டுக்காக அவருக்கும் தம்பிக்கும் சண்டை. ஒரே வாசல், இரண்டு அடுப்பு. ஒரு நாள் தம்பி பெண்டாட்டி போலீசைக் கூப்பிட்டுவிட்டாள். ஏட்டு ஒருவர் வந்து கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். யாரைக் கேட்டு உள்ளே வந்தீர்கள் என்று கஸ்பாரின் மனைவி கேட்டாள், அவள்தான் கேட்பாள். வீட்டுக்காரங்க கூப்பிட்டாங்க வந்தேன் என்றார் ஏட்டு. நாங்களும் வீட்டுக்காரங்கதான், நாங்க போகச் சொல்லுதோம் என்றாள். ஏட்டு காப்பி கேட்டார். சாயங்காலம் தம்பி பெண்டாட்டிக்கே பயம் வந்துவிட்டது, போதும் நீங்க போங்க சார் என்றாள். கூப்பிட்டது நீங்கதான், ஆனா எப்பப் போகணும்னு ஸ்டேசன்லதான் சொல்லணும் என்று காலை நீட்டிக்கொண்டார். மறுநாளும் வந்தார். போன வருஷம் இதே பட்டாளம் இலங்கைக்குப் போனது, அதற்கும் காகிதத்தில் கையெழுத்து இருந்தது, கூப்பிட்டுத்தான் போனது. பூ மாலை போட்டார்கள் என்று பேப்பரில் படம் வந்ததாக லாசர் சொன்னான். பிறகு வந்த செய்திகளை லாசர் உரக்க வாசிக்கவில்லை. இங்கேயும் காலை நீட்டுவார்களோ, இல்லை, காப்பி குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார்களோ. அது அவருக்கு எதற்கு. அவருக்கு வேண்டியது ஒருத்தன். உலகத்துக்கெல்லாம் சேர்த்து எழுதின சட்டத்தில் நாட்டைப் பற்றி எழுதியிருக்கும், அதிபரைப் பற்றி எழுதியிருக்கும். வீட்டுக்குப் போன் பேசப் போனவனைப் பற்றி ஒரு வரி இருக்குமா என்று லாசரிடம் கேட்கலாம். கேட்கவில்லை. ஒன்பது.

போன் பேசத்தான் போனான். பவுலினுக்கு இது ஒன்பதாம் மாசம். முந்தா நாள் சாயங்காலம், முகத்தைக் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பலகைக்கு மூன்றடி தள்ளி வந்து நின்றான். அந்த மூன்றடியைக் கல்யாணம் முடிந்த நாளிலிருந்து அவன் தாண்டியதில்லை, கஸ்பாரும் தாண்டச் சொன்னதில்லை. "மாமா, தந்தியாபீஸ்ல ட்ரங்க் கால் பதிஞ்சு பேசிட்டு வந்துருதேன்." தலையாட்டினார். அவன் போகவில்லை. "என் பாஸத் தாறியளா?" என்றான். அவர் சொன்னது ஒரே சொல். "எதுக்கு." கோபமாகச் சொல்லவில்லை. அவர் குரல் எப்போதும் அப்படித்தான். ஆனால் அவனுக்குக் கோபமாகக் கேட்டிருக்கும். சரி மாமா என்று ஏணியில் இறங்கிவிட்டான். ஒரு மணி நேரத்தில் திரும்புகிறவனுக்குப் படம் ஒட்டின கடலோடிப் பாஸ் எதுக்கு. இதே பிச்சையா ஒரு தடவை கொச்சியில் பாஸைச் சட்டைப்பையோடு தண்ணீரில் விட்டுவிட்டு வந்து, தோணியே பாதி வாரம் கிடந்தது. அன்றிலிருந்து எல்லார் பாஸும் அவருடைய பிஸ்கட் டின்னில்தான். டின் அவர் தலைமாட்டில். நம்ம மூஞ்சியெல்லாம் தண்டல் டின்னுல போட்டுப் பூட்டி வச்சிருக்காரு, கரைக்கு வெறும் உடம்போடதான் போகணும் என்று வியாகுலம் சொல்லிச் சிரிப்பான். பாஸை ஒழுங்காக வைத்திருந்தார். அவ்வளவு ஒழுங்காக, அவ்வளவு பத்திரமாக வைத்திருந்ததனால் இப்போது அவன் எங்கேயோ பாஸ் இல்லாமல் நிற்கிறான், அல்லது உட்கார்ந்திருக்கிறான், அல்லது. அந்த அல்லது வந்ததும் மனசு சட்டென்று திரும்பி வேறு பக்கம் ஓடியது. தோணியில் கொடி பறக்கும்வரை தோணி நம் நாட்டு மண் மாதிரி என்று லாசர் ஒரு தடவை சொன்னான். மண் மாதிரிதான், மண் இல்லை. அந்தக் கயிற்றேணியில் இறங்கினானே, எந்தப் படியில் நம் நாடு முடிந்தது. எந்தப் படி வரைக்கும் அவன் ததேயுவாக இருந்தான், எந்தப் படிக்குக் கீழே தமிழ் பேசுகிற எவனோ ஒருத்தன் ஆனான். எதுக்கு. எதுக்கு என்று கேட்டவர் பாஸை எடுத்துக் கொடுத்துவிட்டே கேட்டிருக்கலாம்.

இன்னொன்றும் இருந்தது, அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நேற்று விடியக்காலையில் முதல் சத்தம் கேட்டு எல்லாரும் எழுந்து உட்கார்ந்தபோது, படகுகள் ஒட்டுகிற பாலத்துப் பக்கமிருந்து ஒருவன் கத்தினான். "லைட்ட நூருங்கோ! கிட்ட வராதேங்கோ!" விளக்கை அணைக்கச் சொல்லுகிறான், இலங்கைத் தமிழ். தண்ணீரில் அவ்வளவு சுத்தமாகக் கேட்டது. வருஷக்கணக்காக வந்துபோகிற துறைமுகம், ஒரு நாளும் கரையிலிருந்து தமிழில் ஒருவன் கூப்பிட்டதில்லை. கூலிக்காரர்கள் கையைக் காட்டிப் பேசுவார்கள், வியாபாரி விரலால் கணக்குச் சொல்லுவான், கஸ்பாருக்கு அது சௌகரியமாகவே இருந்தது. அந்த இருட்டில் அந்தக் குரல் கேட்டதும் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. யாரோ நம் ஆள் என்று நெஞ்சு முந்திக்கொண்டது. பிறகுதான் துப்பாக்கி மறுபடி வெடித்தது. அந்த நொடியைத் துடைக்க முடியவில்லை. அந்தக் குரலைக் கேட்டு ததேயுவுக்கும் அப்படி இருந்திருந்தால்? வியாபாரியின் சரக்குக் கிட்டங்கியிலோ தந்தியாபீஸ் வாசலிலோ படுத்திருந்தவன், தமிழைக் கேட்டு எழுந்து அந்தப் பக்கமாகவே போயிருந்தால்? அண்ணே என்னண்ணே சத்தம் என்று அவன் கேட்பான். யாரைப் பார்த்தாலும் அண்ணே என்பான். கிட்டப் போய்ப் பேசுகிற சுபாவம். தாடி வேறு. பிள்ளை நல்லபடியாகப் பிறக்கும்வரை எடுப்பதில்லை என்று மாதாவுக்கு நேர்ந்திருந்தான், ஐந்து மாசத் தாடி. கறுத்த பையன், தாடி, தமிழ், கையில் பாஸ் இல்லை. ஒரு பட்டாளத்துக்காரன் இதில் எதைப் பார்த்து இவன் வெங்காயத் தோணிக்காரன் என்று தெரிந்துகொள்வான். கஸ்பாரே பட்டாளத்துக்காரனாக இருந்தால் கட்டித்தான் போடுவார். வெயில் ஏறிக்கொண்டே வந்தது. அவர் எண்ணாமல் விட்டிருந்தார். பார்த்தபோது நாலு.

தினமும் சாயங்காலம் செபமாலை சொல்லும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார். பக்தி என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் குரல்களை எண்ணுவார். இன்னாசியின் அவசரம், லாசரின் ராகம், பண்டாரியின் பல்லில்லாத சகரம், பிச்சையாவும் வியாகுலமும் ஒருத்தர் குரலில் ஒருத்தர், கடைசியில் அரை நொடி பிந்தி வருகிற ததேயு. அவன் எப்போதும் பிந்துவான், மற்றவர்கள் ஆமென் சொன்ன பிறகு அவனுடைய ஆமென் தனியாக வந்து விழும். அது விழுந்ததும் கணக்கு முடிந்தது, எல்லாரும் இருக்கிறார்கள், படுக்கலாம். இரண்டு ராத்திரியாக ஆமெனுக்குப் பிறகு அவர் காத்துக்கொண்டே இருந்தார். நேற்று ராத்திரி அந்த இடத்தில் விமானம் இரைந்தது. முந்தின ராத்திரி ஒன்றும் இல்லை, தண்ணீர் பலகையில் தட்டுகிற சத்தம். அந்தச் சின்ன இடம் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. மனைவி செத்த பிறகு வீட்டில் இருந்த வெறுமையைக்கூட அவர் அளந்து வைத்திருந்தார், இன்ன மூலை, இன்ன நேரம் என்று. இது அளவுக்கு வரவில்லை. அவனுடைய பெயரை அவர் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. மருமகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூச்சம், மாப்பிள்ளை என்று கூப்பிட அதைவிடக் கூச்சம். ஆள் வேண்டுமானால் அந்தப் பக்கமாகப் பார்ப்பார். அவன் வந்துவிடுவான். கூப்பிடாமல் வந்துவிடுகிறவனைக் கூப்பிட வேண்டியதில்லை என்றே இருந்துவிட்டார்.

அடுப்பிலிருந்து சோற்றுப் பானையை இறக்குகிற சத்தம். பண்டாரி சலேத்து தட்டுகளை எடுத்து வைத்தார். இந்தத் தோணியில் ஒரு வழக்கம் உண்டு, கஸ்பாருக்கு முந்தின தண்டல் காலத்திலிருந்தே வருவது. ஆள் கரைக்குப் போயிருந்தால் அவன் தட்டை மற்றதோடு அடுக்கக் கூடாது. அடுப்புக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைக்க வேண்டும். வந்ததும் அவனே நிமிர்த்திச் சோறு வாங்கிக்கொள்வான். வேலையை விட்டுப் போனவன் தட்டும் செத்தவன் தட்டும்தான் அடுக்கில் சேரும். நேற்றும் முந்தா நாளும் ததேயுவின் அலுமினியத் தட்டு கவிழ்ந்து கிடந்தது. இப்போது அந்த இடத்தில் தட்டு இல்லை. கஸ்பார் அடுக்கைப் பார்த்தார். ஏழும் ஒன்றாக இருந்தது. மேல் தட்டில் அவன் ஆணியால் கீறிய சின்னச் சிலுவை தெரிந்தது. பண்டாரி நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "நான் என்ன செய்ய, தண்டலய்யா. இன்னாசி எடுத்து வைக்கச் சொன்னான். வாரவனுக தட்ட எண்ணிப் பாத்தா என்ன சொல்லுததுன்னு." பிறகு மெதுவாக, "கவுத்து வச்சிருந்தா பயமா இருக்கு. எடுத்து வச்சாலும் பயமாத்தான் இருக்கு" என்றார். இன்னாசி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிச்சையாவும் வியாகுலமும் தண்டல் முகத்தைப் பார்த்தார்கள். ஆறு பேர், ஆறு வீடு. இன்னாசிக்கு மூன்று பெண்கள். பிச்சையா வீடும் வியாகுலம் வீடும் ஒரே வட்டிக்காரனிடம். லாசரின் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். ஒவ்வொரு வீட்டுக்கும் அவர் மனசால் போய் வாசலில் நின்று பார்த்தார். எல்லா வாசலிலும் ஆறு என்றே சொன்னார்கள். கடைசியில் தன் வீட்டு வாசலுக்கு வந்தார். பவுலின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் எத்தனை என்று கேட்கவில்லை. அப்பா, நீங்க எண்ணினியளா என்று மட்டும் கேட்டாள். கஸ்பார் எழுந்தார். அடுக்கின் மேலே இருந்த தட்டை எடுத்து, அடுப்புக்குப் பக்கத்தில் அதே இடத்தில் கவிழ்த்தார். தரையில் பட்டதும் தட்டு ஒரு தரம் சுழன்று அடங்கியது. பலகைக்குப் போய் டின்னை எடுத்துக்கொண்டு திரும்பும்போது போட்டின் நிழல் தோணியின் பக்கவாட்டில் விழுந்துவிட்டது.

நாலு பேர் ஏறினார்கள். முன்னால் வந்த அதிகாரி இளைஞன், கண் சிவந்து தூக்கமில்லாமல் இருந்தான், மீசையில் உப்புப் பூத்திருந்தது. கெட்டவனாகத் தெரியவில்லை. களைத்தவனாகத் தெரிந்தான். அவன் இந்தியில் கேட்டதைப் பின்னால் வந்த ஒருவன் தமிழில் சொன்னான். கன்னியாகுமரிப் பக்கத்துத் தமிழ். "பெரியவரே, எத்தன பேரு?" ஐந்தாம் வகுப்பு, வாத்தியார், பிரம்பு, விடை தெரியும். விடை தெரியும், விடை தெரியும். "ஏழு" என்றார். அவருடைய குரல் அவருக்கே பெரிதாகக் கேட்டது. இன்னாசி மூச்சை விட்டான். அதிகாரி விரலால் ஒவ்வொருவரையும் தொட்டு எண்ணி, ஆறு என்று காட்டினான். "ஏழு" என்றார் மறுபடியும். "ஒருத்தர் கரையில. முந்தா நாள் போனாரு. வீட்டுக்குப் போன் பேச." டின்னைத் திறந்து பாஸ்களை எடுத்துப் பாய் மேல் வரிசையாக வைத்தார். கடைசியில் வைத்ததைக் கன்னியாகுமரிக்காரன் எடுத்துப் பார்த்தான். "இவரு பாஸு இங்க இருந்தா அவரு கையில என்ன இருக்கு?" "ஒண்ணும் இல்ல." "ஏன்?" கஸ்பார் டின்னைப் பார்த்தார். "நான் குடுக்கல" என்றார். அவன் அதை இந்தியில் சொன்னான். அதிகாரி பாஸை வாங்கிப் படத்தைப் பார்த்தான், சுருக்கமாக ஏதோ கேட்டான். "படத்துல இருக்க மாதிரியேதான் இருப்பாரா?" "இல்ல. இப்பத் தாடி இருக்கு." கன்னியாகுமரிக்காரன் தயங்கி, அதையும் சொன்னான். அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டான். அவன் சொன்னது கொஞ்சம் நீளமாக இருந்தது, தமிழில் வரும்போது சுருங்கியது. "பாலத்துக்கிட்ட கொஞ்சப் பேர உக்கார வச்சிருக்கு. தமிழ் பேசுறவங்களத் தனியா. தந்தியாபீசுல ஒளிஞ்சிருந்தவங்களும் அதுல உண்டு. யாருக்கும் பேரு சரியாச் சொல்ல வரல, பயம். பாஸத் தாங்க, கொண்டு போய்ப் பாக்கிறோம்."

கஸ்பார் பாஸைப் பார்த்தார். மழித்த முகம், ஒட்டின காது, கல்யாணத்துக்கு முன்னால் எடுத்த படம். இதைக் கொண்டுபோய்த் தாடிக்காரர்கள் வரிசையில் எவன் முகத்துக்குப் பக்கத்தில் வைத்தாலும் பொருந்தும், எவனுக்கும் பொருந்தாது. காகிதம் போனால் போதாது. காகிதத்துக்கு அவனைத் தெரியாது. கூப்பிட்டால்தான் வரலாம் என்கிற சட்டம் நாட்டுக்கு இருக்கட்டும், இவனைக் கூப்பிட ஒரு வாய் வேண்டும், அந்த வாயைத் திறப்பது இந்தத் துறைமுகத்தில் இருப்பவர்களில் ஒருவருக்குத்தான் கடமை. சரக்கு ஏற்றிய தோணியை விட்டுத் துறைமுகத்தில் தண்டல் இறங்குவதில்லை. அவர் இறங்கியதே இல்லை. "நான் வாரேன்" என்றார். கன்னியாகுமரிக்காரன் அதிகாரியிடம் கேட்டுவிட்டு வந்தான். "வரலாம். ஆனா அய்யா, நீங்க காட்டுற ஆளு வேற மாதிரி ஆளா இருந்தா உங்களையும் சேத்து உக்கார வச்சிருவாங்க. அங்க அவரு இல்லன்னாலும் இன்னைக்கு உங்கள விடுவாங்களான்னு என்னால சொல்ல முடியாது. அவரு உங்களுக்கு யாரு?" இதுவும் ஒரு கேள்விதான், விடை தெரிந்த கேள்வி. "மருமகன்" என்றார். கல்யாணமாகிப் பதினாலு மாசத்தில் அந்தச் சொல்லை உரக்கச் சொன்னது இதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு சுற்றி நின்றவர்களைப் பார்க்க முடியவில்லை. இன்னாசிதான் முன்னால் வந்தான். டின்னை அவனிடம் கொடுத்தார். "சரக்கறை மூடாப்பைத் திறந்து வை. வெங்காயத்துக்குக் காத்து வேணும்" என்றார். இன்னாசி ஏதோ சொல்ல வாயெடுத்து, "போயிட்டு வாங்க அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னான். "சோறு தின்னுட்டுப் போங்களேன்" என்றார் பண்டாரி. எல்லாருக்கும் சிரிப்பு வரும்போல் இருந்தது, யாருக்கும் வரவில்லை.

கயிற்றேணியில் இறங்கும்போது படிகளை எண்ண வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே இறங்கினார். போட் கிளம்பியது. பாஸ் சட்டைக்கு உள்ளே, வேர்வையில் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. பாலத்தில் இறங்கியதும் கூப்பிட வேண்டும். வரிசையாகக் குனிந்து உட்கார்ந்திருப்பார்கள், முகம் தெரியாது. பார்த்தால் போதாது, இந்தத் தடவை பார்த்தால் வர மாட்டான். உரக்க, பட்டாளத்துக்கு நடுவில், பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். மிசின் இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். ததேயு. உதட்டுக்கு அந்தப் பெயர் புதிதாக இருந்தது. இன்னொரு தடவை, கொஞ்சம் பலமாகச் சொன்னார். கன்னியாகுமரிக்காரன் திரும்பிப் பார்த்தான், கஸ்பார் குனிந்துகொண்டார். அவனைப் பார்க்காமல் இருப்பதற்காகத் திரும்பித் தோணியைப் பார்த்தார். இவ்வளவு தூரத்திலிருந்து அவர் மரிய செலினைப் பார்த்ததே இல்லை, எப்போதும் அதற்குள்ளேயே இருந்திருக்கிறார். சின்னதாக இருந்தது. பிச்சையாவும் வியாகுலமும் மூடாப்பை இழுத்துக்கொண்டிருந்தார்கள். லாசர் ரேடியோவை நிறுத்திவிட்டுக் கையில் வைத்திருந்தான். இன்னாசி பலகைக்குப் பக்கத்தில் நின்றான், பலகையில் உட்காரவில்லை. பண்டாரி அடுப்புக்கு முன்னால் குனிந்து, கவிழ்ந்திருந்த தட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு தட்டைக் கவிழ்த்தார். பெரிய தட்டு, கஸ்பாருடையது. வெயிலில் இரண்டும் பளபளத்தன. கஸ்பார் எண்ணினார். தோணியில் மீதி ஐந்து பேர்.